தேயும் என்றொரு வகை

சிவராமகிருஷ்ணன் யாரைப் பார்த்தாலும் முதலில் பின்கழுத்தைத்தான் பார்ப்பார். ஹூஸ்டனுக்குப் பக்கத்துப் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் தீபாராதனை நேரத்தில் கூட்டம் முழுவதும் அம்மனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கூட்டத்தின் பிடரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கைகள் கூப்பியிருக்கும், உதடுகள் அசையும். தெரியாதவர்கள் சுலோகம் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் சொல்வது, "இது தேயும். இது சோவும். இதுவும் தேயும்தான்."

சுகர் லேண்டில் வீடு. குழாய்வழியாக எண்ணெய் அனுப்பும் ஒரு கம்பெனியில் வால்வுகளைச் சரிபார்க்கும் வேலை. அமெரிக்கா வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் சேர்ந்த நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு அவரை யாரும் நகர்த்தவில்லை. அவரோடு வந்தவர்கள் மேனேஜர்களாகிவிட்டார்கள். அவர்களிடம் பயிற்சி பெற்ற பொடியன்கள்கூட ஆகிவிட்டார்கள். இதற்குக் காரணம் தன் திறமைக் குறைவாக இருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு ஒரு விநாடிகூட வந்ததில்லை. உலகத்துக்கு இன்னும் தெரியாத ஏதோ ஒரு விஷயம் தன் கைக்கு வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தார். முதலில் எண்கணிதம் வந்தது. அப்புறம் காந்தப் படுக்கை வந்தது. 1996இல் கொரியா வந்தது.

வந்தது இடுப்பு வலி வழியாக. அலுவலகத்தில் பக்கத்து அறையில் இருந்த கொரியர் ஒருவர், ஹூஸ்டனின் லாங் பாயிண்ட் சாலையில் தங்கள் ஊர் பாரம்பரிய மருத்துவர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தார். அந்த டாக்டர் நாடி பார்த்தார். எப்படி வேர்க்கும், எப்படித் தூக்கம், எது ஜீரணமாகாது என்று பொறுமையாகக் கேட்டார். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்.

"எனக்குக் கோபமே வராது" என்றார் சிவராமகிருஷ்ணன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஹம்சா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் விளக்கினார். நூறு வருடத்துக்கு முன்னால் அவர்கள் நாட்டில் ஒரு வைத்தியர் மனிதர்களைப் பிறவியிலேயே நான்கு வகையாகப் பிரித்தார். ஒவ்வொரு வகைக்கும் ஓர் உறுப்பு பலம், ஓர் உறுப்பு பலவீனம். குணம் வேறு, சாப்பாடு வேறு, மருந்தும் வேறு. தேயாங், தேயும், சோயாங், சோவும் என்று அந்த நான்குக்கும் பெயர். சிவராமகிருஷ்ணன் தேயும் வகை. ஈரல் பலம், நுரையீரல் பலவீனம், பெரிய உடம்பு, பிடித்ததை விடாத குணம். கொரியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த வகைதான், கவலைப்பட ஒன்றுமில்லை. மாட்டிறைச்சி நன்றாக ஒத்துக்கொள்ளும்.

மாட்டிறைச்சியைக்கூட அவர் மன்னித்திருப்பார். பாதிப் பேர் என்பதை மன்னிக்க முடியவில்லை.

டாக்டர் கொடுத்த சின்னப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தார். தேயாங் என்பது மிக அபூர்வம், பல்லாயிரத்தில் சில பேர். தலைவர்கள், புதிதாக எதையாவது படைப்பவர்கள், மற்றவர்களால் புரிந்துகொள்ளப்படாதவர்கள். பின்கழுத்து பலம், இடுப்பு பலவீனம். அவர் தன் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தார். இடுப்புதான் ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்ததே. திராட்சையும் காய்கறியும் தேயாங்குக்கு நல்லது என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே கிளிஞ்சல் என்றும் போட்டிருந்தது, அதை அவர் படிக்கவில்லை. கொரிய டாக்டருக்கு இந்திய உடம்பைப் படிக்கத் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதி, அன்று மாலையே தன்னைத் தேயும் வகையிலிருந்து தேயாங் வகைக்கு மாற்றிக்கொண்டார். அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான். கொடுத்தவரும் அவரே.

அந்த டாக்டரிடம் அவர் திரும்பப் போகவில்லை. இனிமேல் தானே டாக்டர்.

கோயில் கேன்டீனில் ஞாயிற்றுக்கிழமைகளில் தோசை தின்கிற நண்பர் அனந்தராமனுக்குத்தான் முதல் உபதேசம். அனந்தராமன் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "டேயும், டேயாங்னு போட்டிருக்கான்" என்றார்.

"டே இல்லை ஓய், தே. இங்கிலீஷ்ல எழுதறதைப் பாக்காதீர். நாக்கைப் பல்லுல வெச்சு சொல்லணும். தே-யும். டாக்டர் வாயாலேயே கேட்டவன் நான்."

"நம்ம பாஷைல தேயும்னா வேற அர்த்தம். செருப்பு தேயும், நெலா தேயும்."

"உமக்கு எல்லாமே ஜோக். நீர் பக்கா தேயும் டைப்."

"அப்படியா, இந்த இருநூத்துப் பத்து பவுண்டு எப்போ தேயறதுன்னும் அந்த புக்லயே போட்டிருக்கா?"

சிவராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. உச்சரிப்பு விஷயத்தில் அவர் கறார். டேயும் என்று யார் சொன்னாலும், பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தை நிறுத்திவிட்டு, தே என்று திருத்திவிட்டுத்தான் தொடரவிடுவார்.

ஹம்சாவுக்கு அவர் கொடுத்த வகை சோவும். குளிர்ந்த வயிறு, பலவீனமான ஜீரணம், தயக்கம், பயம். தயிர் குளிர்ச்சி என்று சொல்லி அவளுக்குத் தயிரை நிறுத்தினார். கொரியப் புத்தகத்தில் தயிர் என்ற சொல்லே கிடையாது. பிறந்ததிலிருந்து தயிர்சாதத்தில் முடிக்காமல் ஒரு வேளைகூட எழுந்திருக்காதவள், மத்தியானங்களில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஷ்யாமளா வீட்டுக்குப் போய், அங்கே சமையலறையில் நின்றுகொண்டு ஒரு கிண்ணம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வருவாள். கல்யாணம் கட்டிக்கொடுத்த மகள் இருக்கிற வயதில், திருட்டுத்தனமாகத் தயிர்.

"இதுக்கு டைவர்ஸ் பண்ணலாம் ஹம்சா, டெக்சாஸ்ல தாராளமா குடுப்பா" என்பாள் ஷ்யாமளா.

ஹம்சா சிரித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிவைப்பாள். ஏனென்றால் அவள் மனதுக்குள், கணவர் சொல்வது உண்மை என்றே நம்பினாள். நம்புவதற்கு ஒரு காரணம் இருந்தது.

மகள் யாமினி சின்ன வயதிலிருந்தே வெளுத்த குழந்தை. சீக்கிரம் களைத்துவிடுவாள். ஒருமுறை பள்ளிக்கூட மைதானத்தில் மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸ் வந்தது. ரத்தசோகை என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். பல் கறுத்ததே தவிர ரத்தம் ஏறவில்லை. ஹம்சா பேரீச்சம்பழம் கொடுத்தாள், பீட்ரூட் கொடுத்தாள், யாரோ ஃப்ளோரிடாவிலிருந்து கொண்டுவந்த முருங்கைக்கீரையைப் பொக்கிஷம்போல வைத்திருந்து கொடுத்தாள். ஒன்றும் ஏறவில்லை. சிவராமகிருஷ்ணன் ஒவ்வொரு முறையும் ஹம்சாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "உன் ரத்தம் அப்படி." கொரியா வருவதற்கு முன்னாலேயே அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கொரியா அதற்கு ஒரு பெயர் கொடுத்தது, அவ்வளவுதான். பெற்ற குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கிற கண்களோடு பார்த்த ஒரு தாயின் வேதனை, பின்கழுத்துகளை ஆராய்கிறவருக்கு எப்படித் தெரியும்?

யாமினி காதலித்த பையன் செழியன், பொள்ளாச்சிக்காரன், கம்ப்யூட்டர் வேலை. அப்பா இல்லை, அம்மா தனபாக்கியம் மட்டும். வேறு சாதி. வீட்டில் பூகம்பம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். செழியன் முதன்முதலாக வந்த அன்று, அவன் குனிந்து ஷூவைக் கழற்றும்போது சிவராமகிருஷ்ணன் பின்னால் நின்று பார்த்தார்.

"பையன் சோயாங். எனக்கு ஓகே" என்றார்.

ஹூஸ்டன் தமிழர்கள் முழுவதும் அவருடைய பரந்த மனசைப் புகழ்ந்தார்கள். அவரும் அந்தப் புகழைத் திருத்தவில்லை. உச்சரிப்பை மட்டும்தான் திருத்துவார்.

இரண்டாயிரமாவது ஆண்டு ஜூனில், மனித ஜீன்களின் முழு வரைபடத்துக்கு முதல் நகல் தயாராகிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். சிவராமகிருஷ்ணன் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"ஹம்சா, கேட்டியா? மொத்த மனுஷனும் நாலே எழுத்துல எழுதியிருக்காம். ஏ, டி, ஜி, சி. எழுத்து நாலு, வகையும் நாலு. நூறு வருஷம் முன்னாடியே கொரியாக்காரன் சொல்லிட்டான், இவா இப்போ கோடிக்கணக்குல செலவு பண்ணிக் கண்டுபிடிக்கறா."

"அது எழுத்துன்னா, நம்ம எல்லாருக்குள்ளயும் நாலும் இருக்கும் இல்லையா?" என்று கேட்டாள் ஹம்சா.

"சோவும் டைப்புக்கு இதெல்லாம் பிடிபடாது" என்று சொல்லிவிட்டு அனந்தராமனுக்குப் போன் செய்யப் போனார்.

அதே கோடையில் யாமினி கர்ப்பமாக இருந்தாள். அப்போது அவளும் செழியனும் நியூ ஜெர்சியில் இருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் வழக்கம்போல இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். செப்டம்பரில் செழியனுக்கு ஹூஸ்டனில் வேலை மாற்றம் வந்து, பக்கத்து ஊரான கேட்டியில் வீடு எடுத்தார்கள். கேட்டியில் பார்த்த புது டாக்டர் பழைய ரத்தப் பரிசோதனைகளை எல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு, உனக்கு இரும்புச்சத்துக் குறைவே இல்லை என்றார். வேறொரு பரிசோதனைக்கு எழுதினார்.

முடிவு வந்த அன்று யாமினி அம்மாவை கிளினிக்குக்கு வரச் சொன்னாள். ஷ்யாமளா கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். பார்க்கிங்கில் நின்ற காருக்குள், ஏசியைப் போட்டுவிட்டு, யாமினி சொன்னாள்.

"அம்மா, எனக்கு தலசீமியா ட்ரெய்ட்னு ஒண்ணு இருக்கு. இட்ஸ் நாட் எ டிசீஸ். பிறக்கும்போதே ஜீன்ல வரது. ரெட் செல்ஸ் சின்னதா இருக்கும், அவ்வளவுதான். அதான் எனக்கு ஆல்வேஸ் டயர்டா இருந்தது."

"அவ்வளவுதானே?"

யாமினி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "செழியனுக்கும் அது இருந்தா, பேபிக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வரலாம். ஒன் இன் ஃபோர் சான்ஸ். அப்படி வந்துட்டா அது ட்ரெய்ட் இல்லம்மா, நோய். லைஃப் லாங் ரத்தம் ஏத்திண்டே இருக்கணும். செழியனோட ஃபர்ஸ்ட் டெஸ்ட் கிளியரா சொல்லலை. இன்னொரு லேபுக்கு அனுப்பியிருக்கா. வெயிட் பண்ணணும்."

ஹம்சாவின் கை, மகளின் வயிற்றின் மேல் தானாகப் போயிற்று. "என்கிட்டேர்ந்துதான் உனக்கு வந்திருக்கும்" என்றாள். "என் ரத்தம் அப்படி."

"அம்மா, டோன்ட் ஸ்டார்ட்."

"எனக்கும் அந்த டெஸ்டை எடுக்கச் சொல்லு. என் கண்ணால பாத்துடறேன்."

யாமினி வேண்டாம் என்றுதான் சொன்னாள். அம்மா விடவில்லை. மறுபடி உள்ளே போய், டாக்டரிடம் கேட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் யாமினி இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டாள். செழியனின் முடிவு தெரியும்வரை மாமியாரிடம் சொல்ல வேண்டாம், ஊரிலிருந்து பிரசவத்துக்கு என்று ஆசையாக வந்திருக்கிறவர், பயந்துவிடுவார். அப்பாவிடம் எப்போதுமே சொல்ல வேண்டாம்.

"ஹி வில் அனௌன்ஸ் இட் அட் தி டெம்பிள்" என்றாள்.

ஹம்சாவின் முடிவு அந்த வார வெள்ளிக்கிழமையே வந்தது. டாக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் படித்தாள். ஹம்சாவின் ரத்தத்தில் தலசீமியா கிடையாது. ஹம்சா திரும்பவும் படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பவும் படித்தாள். அப்படியென்றால் மகளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் சிரித்தமாதிரி, குழந்தைக்கு இரண்டு பெற்றோர்கள்தானே மேடம், என்றாள்.

போனை வைத்துவிட்டு ஹம்சா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருடம் சுமந்த பழி. மகள் மயங்கி விழுந்தபோது தலையில் அடித்துக்கொண்டு அழுத பழி. கோயிலில் ஒவ்வொரு முறையும், என் ரத்தத்தின் பாவம் என் குழந்தையை விட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்ட பழி. அது அவளுடையதே இல்லை. அழுகை வந்தது. வெகுநேரம் அழுதாள். அது துக்கமா, நிம்மதியா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கணவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. நல்ல காரியம் முடியட்டும், செழியனின் முடிவும் வரட்டும் என்று அடக்கிக்கொண்டாள். அந்த மனிதருக்கு வெட்கமாக இருக்குமே என்றும் நினைத்தாள். அவருக்கு வெட்கம் என்ற ஒன்று இருப்பதாக நினைத்த ஒரே ஜீவன் அவள்தான்.

வளைகாப்பு கேட்டியில், மகள் வீட்டிலேயே. பொள்ளாச்சி வழக்கப்படி பெண் வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும் என்று தனபாக்கியம் சொல்லியிருந்தார். ஹம்சாவும் ஷ்யாமளாவும் விடியற்காலையில் எழுந்து புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் செய்து, பெரிய அலுமினிய ட்ரேக்களில் அடைத்து ஃப்ரீவேயில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வாங்கிய கண்ணாடி வளையல்கள் சிவப்பும் பச்சையுமாகத் தாம்பாளத்தில் இருந்தன. யாமினியை நாற்காலியில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, ஒவ்வொருவராக வந்து வளையல் போட்டார்கள். ஆண்கள் கேரேஜில் பேப்பர் தட்டுகளோடு நின்று கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

தனபாக்கியம் மருமகளின் கையைப் பிடித்து வளையல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவராமகிருஷ்ணன் வந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, ஒரு விஷயம் சொல்றேன். சந்தோஷப்படுவேள்."

"சொல்லுங்க சம்பந்தி."

"குழந்தை தேயும்."

தனபாக்கியத்தின் கை அப்படியே நின்றது. "என்னங்க?"

"குழந்தை தேயும். நிச்சயமா தேயும். யாமினி நடக்கறது, தூங்கறது எல்லாம் பாத்து நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். வேணும்னா எழுதி வெச்சுக்கோங்கோ."

யாமினியின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச நிறமும் போய்விட்டது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். சொல்லிவிட்டாயா என்று கேட்டது அந்தப் பார்வை. இல்லை என்று ஹம்சா தலையை அசைத்தாள். ஆனால் மகளின் கண்கள் அதற்குள் நிறைந்துவிட்டன. அப்பா எந்தப் பாஷையில் சொன்னால் என்ன, அவள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பயத்துக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"ஏனுங்க சம்பந்தி" என்றார் தனபாக்கியம். குரல் உயரவில்லை. "வளையல் போடற எடத்துல, மாசமா இருக்கற புள்ள முன்னால நின்னுட்டு, கொழந்த தேயும்னு சொல்றீங்களே. நீங்க படிச்சவங்கதானுங்களே?"

ஷ்யாமளா குறுக்கே வந்தாள். "மாமி, தப்பா எடுத்துக்காதீங்கோ. அது கொரியா பாஷை. உடம்பு வாகுக்கு ஒரு பேர். நல்ல அர்த்தம்தான்."

"கொரியாவுல கொழந்த தேஞ்சா நல்லதுங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள்.

"நீங்க பயப்பட வேண்டாம்" என்று சிவராமகிருஷ்ணன் பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "தேயும்னா பெரிய உடம்பு, தீர்க்காயுசு. அம்மா வழியில கொஞ்சம் சோவும் இருக்கு, வீக் ரத்தம், யாமினியே பாருங்கோ எப்படி வெளுத்திருக்கான்னு. ஆனா என் வம்சம் அதைச் சரிக்கட்டிடும்."

ஹம்சா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். "ஒரு நிமிஷம் இங்க வாங்கோ" என்று சொல்லி, அவரை ஆளில்லாத லாண்ட்ரி அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். அங்கே, துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். யாமினியின் ரத்தம், செழியனின் வரப்போகும் முடிவு, குழந்தைக்கு இருக்கிற ஆபத்து.

"எனக்கும் டெஸ்ட் எடுத்துண்டேன். என்கிட்ட அது இல்லை. அவளுக்கு உங்ககிட்டேர்ந்து வந்திருக்கு."

அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்த்ததும் அந்தப் பைத்தியக்காரிக்கு இரக்கம் வந்துவிட்டது. "இதுல யார் தப்பும் இல்லையாம். மலேரியா இருந்த ஊர்கள்ல நிறைய பேருக்கு இது உண்டாம். மலேரியாவைத் தாங்கறதுக்கு இயற்கையா அமைஞ்சதுன்னு டாக்டர் சொன்னா. நீங்க மனசு கஷ்டப்படாதீங்கோ. இப்போ போய்ப் பேசாம சாப்பிடுங்கோ. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், குழந்தைகள் பயந்துண்டு இருக்கா."

"மலேரியாவைத் தாங்குமா?" என்று கேட்டார் அவர்.

சுருங்கிய முகம் மெல்ல விரிவதை ஹம்சா பார்த்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

"ஒரு சின்ன திருத்தம்" என்றார், மாநாட்டில் பேசுகிறவரைப்போல. "நான் நெனச்சது தப்பு. யாமினிக்கு இருக்கறது ஹம்சா வழி வீக் ரத்தம் இல்லை. என்னோட ரத்தம். அபூர்வமான ஒரு ஜீன், தலசீமியான்னு பேரு. மலேரியாவையே எதுத்து நிக்கற ரத்தம். இதுதான் தேயாங் ரத்தம்னு இப்போ ப்ரூவ் ஆயிடுத்து."

"அப்பா, ப்ளீஸ் ஸ்டாப்" என்றாள் யாமினி.

"இரு, அவாளுக்கும் புரியட்டும். பிரச்னை எப்போன்னா, மாப்பிள்ளைக்கும் அதே இருந்தா மட்டும்தான். அவர் டெஸ்ட் இன்னும் வரலை. அப்படியே இருந்தாலும் நாலுல ஒண்ணுதான் சான்ஸ். அந்தக் குழந்தைக்கு ரத்தம் ஏத்திண்டே இருக்கணும், அவ்வளவுதான்."

மகளின் வளைகாப்பில், வந்திருந்த அத்தனை பேர் முன்னால், பெற்ற தகப்பன் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, கேள்விகள் வரும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

யாமினி முகத்தை மூடிக்கொண்டாள். கையில் இருந்த வளையல்கள் எல்லாம் முழங்கைக்குச் சரிந்தன. கேரேஜ் பக்கமிருந்து ஓடிவந்த செழியன் வாசல்படியில் நின்றான். எல்லோரும் தனபாக்கியத்தைப் பார்த்தார்கள். கணவனை இழந்து, ஒரே மகனை வளர்த்து, பேரக்குழந்தைக்காகக் கடல் கடந்து வந்த பெண்.

தனபாக்கியம் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார். "சம்பந்தி, கேரேஜுல சோறு ஆறிட்டிருக்குதுங்க. நீங்க போயி சாப்புடுங்க." பிறகு மருமகளின் முகத்திலிருந்து கைகளை எடுத்துவிட்டார். "எங்கிட்ட ஏங்கண்ணு சொல்லல? இத்தன நாளா நீ தனியாவா பயந்துட்டு கெடந்த?"

"அத்தை, ஐ டிட்ன்ட் வாண்ட் யூ டு..." யாமினிக்கு முடிக்க வரவில்லை.

"சரி சரி. அந்தக் கையக் குடு. வந்தவங்க இன்னம் பாதிப் பேரு போடோணும்." தன் சேலைத் தலைப்பால் அவள் கன்னத்தைத் துடைத்தபோது சந்தனமும் சேர்ந்து வந்துவிட்டது. மறுபடி சந்தனம் பூசினார். மறுபடி வளையல் போட்டார்.

விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பியதும் சிவராமகிருஷ்ணன் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு, "ஹம்சா, போலாமா?" என்றார்.

"நான் இங்க இருக்கேன்."

"எத்தனை நாள்?"

"தெரியலை."

"அப்போ காலைல காபி?"

ஹம்சா அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த சாதத்தை டப்பாக்களில் எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

அந்த வாரம் முழுவதும் கேட்டி வீட்டில் போன் மணி அடித்தால் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் சுகர் லேண்டிலிருந்துதான் வரும். அரிசி அளக்கிற டம்ளர் எங்கே, டிஷ்வாஷருக்கு எந்த சோப்பு, அவள் புடவையை ட்ரை கிளீனிங்கில் இருந்து எடுக்கணுமா. அந்தப் போன்களில் ஒன்றில்கூட அவர், செழியனின் முடிவு வந்ததா என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் முடிவு வந்தது. செழியனின் ரத்தத்தில் தலசீமியா இல்லை. குழந்தைக்கு அந்த நோய் வராது. வந்தால் யாமினியைப்போல வெறும் ட்ரெய்ட் மட்டும் வரலாம், அதோடு நூறு வயதுவரை இருக்கலாம். செழியன் போனைக் கீழே வைக்க மறந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதான். தனபாக்கியம் பழனி இருக்கிற திசை எது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான்கு திசையிலும் கும்பிட்டார்.

"அப்பாவுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டாள் யாமினி.

"அவர் கேக்கட்டும்" என்றாள் ஹம்சா. "கேட்டா சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. கோயில் கேன்டீனில் ஒவ்வொரு ஞாயிறும் தன் ரத்தத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தேயாங் வகைக்கு ஜீன் ஆதாரம் கிடைத்துவிட்டதாம், அது அவர் உடம்பிலேயே இருக்கிறதாம். அதைப் பரிசோதித்துப் பார்த்துக்கொண்டீரா என்று யாராவது கேட்டால், ஹம்சாவின் ரத்தத்தைப் பார்த்தார்களே, கழித்தல் கணக்குத்தானே என்பார். மனைவி வீட்டில் இல்லாததைப் பற்றிக் கேட்டால், பிரசவ ஏற்பாடு என்பார். பொங்கல் வந்தது, போனது. கேட்டி வீட்டுக்கு அவர் செய்கிற போனை இப்போதெல்லாம் ஆன்சரிங் மெஷின்தான் எடுத்தது. அதனிடமும் அவர் விளக்கமாகவே பேசினார்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, கேன்டீனில் தட்டோடு உட்காரப் போனவரை அனந்தராமன் முதுகில் தட்டினார்.

"கங்கிராட்ஸ் ஓய். தாத்தா ஆயிட்டீராமே. வெள்ளிக்கிழமையே பொறந்தாச்சு, நேத்திக்கு டிஸ்சார்ஜும் ஆயாச்சுன்னு ஷ்யாமளா சொன்னா. ஒரு போன் பண்ணப்படாதா எங்களுக்கு?"

சிவராமகிருஷ்ணனின் கையில் தட்டு சாய்ந்து, சாம்பார் ஓரத்துக்கு வந்தது. நேராக்கிக்கொண்டார்.

"பிஸியா இருந்துட்டேன்" என்றார்.

"ரெண்டு பேரும் நன்னா இருக்காளா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"வெயிட் எவ்வளவு?"

"நல்ல வெயிட்."

"யார் ஜாடை?"

"எங்க பக்கம்தான். சந்தேகமே இல்லை."

பக்கத்து மேஜையிலிருந்தவர்களும் திரும்பி வாழ்த்துச் சொன்னார்கள். யாரோ அவர் தட்டில் ஒரு லட்டு வைத்தார்கள். அவர் எல்லோருக்கும் தலையசைத்தார், கொஞ்சம் சிரித்தார்.

"பையனா பொண்ணா ஓய்?" என்றார் அனந்தராமன். "ஷ்யாமளா அதைச் சொல்லவேயில்லை."

சிவராமகிருஷ்ணன் லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். கேன்டீன் வாசலில் இருந்த கட்டண போனை ஒருமுறை பார்த்தார்.

"தேயாங்" என்றார்.

"அது இருக்கட்டும். பையனா, பொண்ணா?"

"தண்ணி எடுத்துண்டு வரேன்" என்று எழுந்தார் சிவராமகிருஷ்ணன். தண்ணீர் நிறைந்த டம்ளர் அவருடைய தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.